கட்டைவிரலுக்குக் கேள்வி கிடையாது

ஒட்டகம் என்ற பெயர் அவனுக்குக் காற்றினால் வந்தது. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆறு பேர் ஒன்றாகக் கடலுக்குள் இறங்குவார்கள். எல்லோருடைய சிலிண்டரிலும் காற்றின் அழுத்தம் இருநூறு பார் இருக்கும். முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்து படகின் ஓரத்தைப் பிடிக்கும்போது மிச்சக் காற்றைக் காட்டும் கேஜில் மற்றவர்களுடைய முள் ஐம்பதில் தவித்துக்கொண்டிருக்கும். அவனுடைய முள் நூற்றுப் பத்துக்குக் கீழே வந்ததில்லை. படகு ஓட்டுகிற டிரைவர் ஒருநாள் அவனுடைய கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டேய், நீ மனுசனா ஒட்டகமா? கீழ போயி மூச்சு விடுறியா இல்ல விரதமா?" என்றார். அன்றோடு அவன் பெயர் போயிற்று. வருகிற விருந்தினர்கள்கூட 'மிஸ்டர் ஒட்டகம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

விருந்தினர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் அந்தக் கடை, கடற்கரையை ஒட்டிய நீண்ட தகரக் கொட்டகை. முன்னால் ரப்பர் சூட்டுகள் ஆளுயரத்துக்குத் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தலையில்லாத கூட்டம் ஒன்று வரிசையில் நிற்பதுபோல இருக்கும். பின்னால் சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசர் அறை. அது ஓடினால் பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவே உப்பைக் கழுவும் சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு கரும்பலகை. யார் யாரோடு இறங்குவது என்று தினமும் காலையில் அதில் சோடி சோடியாக எழுதுவார்கள். தனியாக யாரும் இறங்கக் கூடாது. ஒருவர் காற்று தீர்ந்தால் இன்னொருவர் கொடுக்க வேண்டும். ஒருவர் கை அசைத்தால் இன்னொருவர் பார்க்க வேண்டும். கீழே பேச்சுக் கிடையாது, கைதான் வாய்.

பலகைக்கு மேலே சிவப்பு பெயிண்டில் ஒரு வரி இருக்கும். கடையை நடத்தும் முதலாளியம்மா தன் கையால் எழுதியது: கட்டைவிரலுக்குக் கேள்வி கிடையாது.

கரையில் கட்டைவிரலைத் தூக்கினால் பிரமாதம் என்று அர்த்தம். தண்ணீருக்குள் அதே விரலைத் தூக்கினால் மேலே போகலாம் என்று அர்த்தம். சோடியில் ஒருவர் தூக்கினால் மற்றவர் அந்த நொடியே கிளம்ப வேண்டும். ஏன் என்று கீழேயும் கேட்கக் கூடாது, படகில் ஏறிய பிறகும் கேட்கக் கூடாது. பயமாக இருந்தது என்று சொல்ல வெட்கப்பட்டு ஒருவன் கீழேயே இருந்து செத்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட விதி அது. ஒருமுறை புதுமாப்பிள்ளை ஒருவர் தலைக்கு மேல் திருக்கை வந்த சந்தோஷத்தில் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிவிட்டார். ஒட்டகம் அவரை உடனே மேலே கொண்டுவந்து சேர்த்தான். "நான் சூப்பர்னு சொன்னேங்க" என்று படகில் உட்கார்ந்து அழாத குறையாகப் புலம்பினார். டிரைவர் அவருக்கு ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார்.

ஒட்டகத்தின் மனைவி தையல்காரி. கடைத்தெருவில் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. சன்னலோரம் தையல் மெஷின். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தவளிடம் முழங்கால் கிழிந்த ரப்பர் சூட்டுகளை அவன்தான் முதலில் கொண்டுவந்து போட்டான். ரப்பரில் ஊசி ஏறாது. ஏறினால் தண்ணீரும் ஏறும். அவள் நாலு ஊசியை உடைத்த பிறகு பசை தடவி, பாதி ஆழம் மட்டும் குத்தி, மேலே பட்டை ஒட்டும் வித்தையைத் தானே கண்டுபிடித்தாள். அப்புறம் கடையிலேயே ஒரு மேசை போட்டுக்கொண்டாள். ஒருநாள் முதலாளியம்மா, "ஊர்ல இருக்கிறவன் சூட்டெல்லாம் தைக்கிறியே, ஒண்ணப் போட்டுப் பாத்தா என்ன?" என்றார்.

கற்றுக்கொடுத்தது அவன்தான். முழங்கால் ஆழத்தில் தொடங்கி, மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தான். அவள் காற்றைக் குடித்துத் தள்ளினாள். அவன் நூற்று இருபதில் இருக்கும்போது அவள் அறுபதில் இருப்பாள்.

"நீ மெஷின மிதிக்கிற மாதிரியே மூச்சு விடுற. இது என்ன, சாயங்காலத்துக்குள்ள குடுக்க வேண்டிய துணியா?" என்பான்.

"உங்கள மாதிரி கஞ்சத்தனம் எனக்கு வராதுங்க. காத்து என்ன, நம்ம வீட்டுக் காத்தா?" என்பாள்.

அந்த நாட்களில் அவனுக்கு அவள்மேல் பெருமைதான். வந்தவர்களிடமெல்லாம் "நம்ம வீட்டுக்காரி" என்று காட்டினான்.

காற்று அடங்கும் மாதங்களில் படகு நடுக்கடல் பாறைக்குப் போகும். ஒன்றரை மணி நேரப் பயணம். கரை மறைந்துவிடும். நாலு பக்கமும் ஒரே நீலம். அதற்கு நடுவே கடலுக்கடியிலிருந்து எழுந்து, மேல்மட்டத்துக்குப் பதினெட்டு மீட்டர் கீழே தலையை நிறுத்திக்கொண்ட பாறை அது. யானைத்திருக்கைகள் அங்கே உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள வரும். விரல் நீள மீன்கள் பாறையிலிருந்து கிளம்பி அவற்றின் செவுளிலும் வயிற்றிலும் மொய்த்துக் கொத்தும். திருக்கைகள் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர்போல ஆடாமல் மிதக்கும். பார்க்க வந்தவர்கள் பாறையின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, கையை நீட்டாமல், துரத்தாமல் காத்திருக்க வேண்டும். இது குத்துகிற சாதி இல்லை, வாலில் முள் கிடையாது. ஆனால் அதட்டினால் போய்விடும். போனால் அன்றைக்கு வராது.

ஒவ்வொன்றுக்கும் வயிற்றில் புள்ளிகள் வேறு வேறு. அவற்றில் ஆகப் பெரியதன் வயிற்றில் அடுப்புக்கல் வைத்ததுபோல மூன்று புள்ளிகள். சிறகை விரித்தால் கடை வாசலை அடைத்துக்கொள்ளும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அதை முதலில் அடையாளம் கண்டு, படம் வரைந்து, முதலாளியம்மாவிடம் கொடுத்தவன் ஒட்டகம். பெயர் வைத்ததும் அவன்தான்: சம்பந்தியம்மா. "நம்மள வெய்ட் பண்ண வைக்கும். லேட்டா வரும். வந்தா கூடவே நாலு பேரு. எல்லாரையும் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, ஒரு வார்த்த பேசாமப் போயிரும்" என்று அவன் சொல்லும்போது விருந்தினர்கள் சிரிக்காமல் இருந்ததில்லை.

பதினான்கு வருஷத்தில் சம்பந்தியம்மா அவன் தலைக்கு மேல் நின்றதில்லை. கடந்து போயிருக்கிறது. பக்கத்தில் வந்து திரும்பியிருக்கிறது. நின்றதில்லை. அது யார் தலைக்கு மேலும் நிற்காது என்று அவன் விருந்தினர்களிடம் சொல்லிவந்தான்.

அவன் மனைவி நடுக்கடல் பாறைக்கு மூன்றாம் முறை இறங்கியபோது அது அவள் தலைக்கு மேல் வந்து நின்றது. ஒரு முழம் இடைவெளி. மெதுவாக ஆடியது, வயிற்றைக் காட்டியது, போய் வட்டமடித்துவிட்டு மறுபடி அங்கேயே வந்தது. அவள் சிரித்ததில் மாஸ்க்குக்குள் தண்ணீர் போயிற்று. அவன் தன்னை அறியாமல் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நாற்பதுக்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

அது ஒருமுறை நடந்தால் தற்செயல். அடுத்த வாரமும் நடந்தது. அதற்கு அடுத்ததிலும். விருந்தினர்கள் போன் பண்ணும்போதே, "அந்த அக்கா கூட வருவாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். யாரோ எடுத்த போட்டோவை முதலாளியம்மா பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். நீலத்தின் நடுவே வெள்ளை வயிறு, மூன்று புள்ளிகள், கீழே அண்ணாந்து பார்க்கும் அவள். இடது மூலையில் காலில் மாட்டும் மஞ்சள் நிறத் துடுப்பு, ஒரு ஃபின், மட்டும் தெரிந்தது. அது ஒட்டகத்தின் கால்.

"இது யார் கால்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"யாரோ கூட வந்தவங்க" என்றான் ஒட்டகம்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் அவனுக்கு முதல் கஷ்டம். மனைவி இன்னொருத்தனைப் பார்த்துச் சிரித்தாள் என்றால் நாலு பேரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம். ஒரு மீன் தன்னிடம் வரவில்லை, அவளிடம் வந்தது என்று எந்த ஆண்பிள்ளை சொல்வான்? சொல்ல முடியாததால் அது வேறு வழிகளில் வெளியே வந்தது. டீ ஆறிவிட்டது என்றான். மெஷின் சத்தம் தலைவலி என்றான். அவள் சூட்டைத் தொட்டியில் அலசி மாட்டினால், சரியாகப் பிழியவில்லை என்று எடுத்து மறுபடி பிழிந்தான். அவள் சாப்பிட்டு முடித்ததும் படுத்து நிம்மதியாகத் தூங்கினாள். அதைக்கூட அவனால் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் ஒருநாள்.

"எனக்கு என்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கிறவங்க முட்டைய இப்படிக் குத்தித் திங்க மாட்டாங்க."

அந்தக் கட்டைவிரல் ஒரு செவ்வாய்க்கிழமை உயர்ந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல இருந்தது. விருந்தினர் நால்வரும் முதலாளியம்மாவோடு பாறையின் மறுபக்கம் இருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சோடியாக இந்தப் பக்கம். இறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, சம்பந்தியம்மா வந்தது. அவனைத் தாண்டி வந்தது. அவன் மாஸ்க்குக்கு இரண்டடி தூரத்தில் அதன் கண் கடந்துபோனது. அது அவனைப் பார்த்தது, தூணைப் பார்ப்பதுபோல. நேரே போய் அவள் தலைக்கு மேல் விரிந்து நின்றது.

அவள் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு அண்ணாந்திருந்தாள். அவளுடைய குமிழிகள் அதன் வயிற்றில் பட்டு, விளிம்புகளில் பிரிந்து, வெள்ளிக்காசுபோல மேலே போயின. அவன் எண்ணத் தொடங்கினான். பதினைந்து. முப்பது. ஐம்பத்தைந்து. எழுபதில் அவன் கை உயர்ந்தது. விரல்கள் மடங்கின. கட்டைவிரல் மேலே நின்றது.

அவள் அதைப் பார்த்தாள். ஒரு நொடி வீணாக்கவில்லை. திருக்கையை மறுபடி ஒருமுறை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே அவனிடம் நீந்தி வந்து, சிலிண்டர் மாட்டிய அவன் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குள் பார்த்து, சரியா என்று விரலை வளையமாக்கிக் கேட்டாள். அவன் தலையாட்டினான். இருவரும் ஏறினார்கள். ஐந்து மீட்டர் ஆழத்தில், உடம்பு அழுத்தத்திலிருந்து மீள, மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். நின்ற மூன்று நிமிஷமும் அவள் அவன் வாரை விடவில்லை. அப்போது அவனுடைய கேஜ் அவள் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. முள் நூற்று எழுபதில் நின்றது.

படகில் டிரைவர் கை கொடுத்துத் தூக்கினார். "என்ன அதுக்குள்ள? என்னாச்சு?"

"காது" என்றான் ஒட்டகம். இடது காதைப் பொத்திக்கொண்டான். "அடச்சுக்கிச்சு. வலிக்குது."

"உனக்கா? பதினாலு வருஷமா இல்லாத காது வலி?"

"காதுன்னா வலிக்காதா?"

அவள் எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். துண்டைப் பிழிந்து அவன் தோளில் போட்டாள். தங்கள் முக்கால் மணி நேரம் முடிந்ததும் மற்றவர்கள் வந்தார்கள். மாஸ்க்கைக் கழற்றும் முன்பே கத்தத் தொடங்கிவிட்டார்கள். "அரை மணி நேரம்! அரை மணி நேரம் அங்கயே நின்னுச்சு அக்கா! நீங்க எங்க போனீங்க?"

"இவருக்குக் காது சரியில்ல" என்றாள் அவள்.

காது என்று ஒருவர் சொல்லிவிட்டால் டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் யாரும் தண்ணீரில் கால் வைக்க முடியாது. முதலாளியம்மா அதில் கறார். மறுநாள் காலை அவளும் கூடப் போனாள். டாக்டர் வயதானவர், டார்ச்சை உள்ளங்கையில் தட்டி எரியவைத்தார்.

"எந்தக் காது?"

"வலது" என்றான் ஒட்டகம்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையே. தொடச்சு வச்ச கண்ணாடி மாதிரி இருக்கு."

"உள்ள வலிக்குது டாக்டர்."

"உள்ளன்னா எவ்வளவு உள்ள?"

"நல்லா உள்ள."

"வலி உங்களுது. இல்லன்னு சொல்ல நான் யாரு?" சீட்டு எழுதினார். "பத்து நாள் தண்ணில இறங்கக் கூடாது. கடல் தண்ணியச் சொல்றேன். மத்த தண்ணியப் பத்தி உங்க வீட்டம்மாகிட்டக் கேட்டுக்குங்க. சொட்டு மருந்து, ரெண்டு வேளை."

இப்படியாகத் தன் வாயால் தனக்கே பத்து நாள் தண்டனை வாங்கிக்கொண்டான். காலையில் படகு கிளம்பும். அவள் பின்பக்கம் நின்று நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே போவாள். அவன் கம்ப்ரசர் அறையில் சிலிண்டர் நிரப்புவான். வரிசையாக நாலு நாலாகப் பூட்ட வேண்டும். சூடேறாமல் மெல்ல ஏற்ற வேண்டும். இருநூறு வந்ததும் மூடி, கழுத்தில் சோப்பு நீர் தடவி, கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அவளுடைய சிலிண்டரை அவனே நிரப்பினான். அவள் குடிக்கப்போகும் காற்று தன் கையிலிருந்து போகிறது என்று ஒரு நிமிஷம் நிறைவாக இருக்கும். அடுத்த நிமிஷம், இதைக் குடித்துக்கொண்டுதானே அவள் அண்ணாந்து நிற்பாள் என்று நினைப்பு வரும்.

வீட்டில் காலையும் மாலையும் அவனைப் படுக்கவைத்து, வலது காதில் மூன்று சொட்டு விட்டாள். ஊசியில் நூல் கோர்க்கிறவளின் கை; ஒரு சொட்டு வெளியே போகாது. "அசையாதீங்க" என்பாள். பஞ்சை வைத்து அடைப்பாள். ஏன் மேலே வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. அவன் பதில்கள் தயாராக வைத்திருந்தான்: தலை சுற்றியது, நீரோட்டம் மாறியதுபோல இருந்தது, உன் சிலிண்டரில் ஏதோ கசிந்தது. ஒன்றையும் கேட்க ஆள் இல்லை.

ஐந்தாம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. காதில் பஞ்சோடு எழுந்து உட்கார்ந்தான்.

"கேளேன்."

"எத?"

"அன்னிக்கு ஏன் மேல வந்தேன்னு."

"கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதானே" என்று மருந்துப் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் பலகையில் அவள் பெயர் முதலாளியம்மாவின் பெயரோடு எழுதியிருந்தது. அது பரவாயில்லை, அவன்தான் இறங்க முடியாதே. ஆனால் அதற்குக் கீழே, அவன் திரும்பி இறங்கும் நாளின் தேதியையும் இப்போதே போட்டு, அப்படியே எழுதியிருந்தது. எழுத்து அவளுடையது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே கேட்டான். "என்னது அது?"

அவள் மெஷினை நிறுத்தவில்லை. ஒரு சூட்டின் கழுத்துப் பட்டையை ஒட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே முதலாளியம்மா கூடப் போறேன்."

"எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"வாயக் கழுவுங்க."

"சொல்லு. எதுக்கு?"

மெஷின் நின்றது. "உங்க கேஜப் பாத்தேன். நூத்தி எழுபது இருந்துச்சு."

"காதுக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"படகுல இடது காதப் பொத்தினீங்க. டாக்டர்கிட்ட வலதுன்னீங்க." அவன் வாயைத் திறக்கும் முன் கையை உயர்த்தினாள். "காரணம் கேக்கல. கேக்கவும் மாட்டேன். என் பிரச்சினை வேற. இதுவரைக்கும் உங்க கட்டைவிரலப் பாத்தா என் கால் தானாக் கெளம்பும். இனிமே பாத்தா, மொதல்ல உங்க கேஜப் பாப்பேன். அப்புறம் உங்க மூஞ்சியப் பாப்பேன். ஒரு செகண்டு யோசிப்பேன். பதினெட்டு மீட்டர்ல அந்த ஒரு செகண்டு பெருசுங்க. நிஜமாவே உங்களுக்கு ஏதாவதுன்னா, அந்த ஒரு செகண்டுல நான் உங்களத் தொலைச்சிருவேன்."

அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"வீட்டுல நான் உங்க பொண்டாட்டிதான். அதுல ஒரு மாத்தமும் இல்ல. தண்ணில சோடி வேற" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.

கம்ப்ரசர் அறை வாசலில் டிரைவர் பீடி பிடித்தபடி உட்கார்ந்து அவனுக்கு ஆறுதல் சொன்னார். என்ன நடந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. படகு ஓட்டுகிறவருக்குத் தெரியாதது எது?

"டேய் ஒட்டகம், ஒரு கணக்கு சொல்றேன் கேளு. நீ கீழ போனா குமிழியே விட மாட்ட. நிமிஷத்துக்கு ஒண்ணு விடுவ, அதையும் திருப்பி வாங்கிக்கலாமான்னு பாப்ப. தங்கச்சி சோடா பாட்டில் மாதிரி. சம்பந்தியம்மாவுக்கு வயித்துல குறுகுறுன்னு சுகமா இருக்கும்போல. அதான் போயி நிக்குது. இதுல அது தப்பு என்ன, தங்கச்சி தப்பு என்ன?"

"யாருண்ணே தப்புன்னு சொன்னது?"

"நீ சொல்லல. உன் மூஞ்சி சொல்லுது. பதினாலு வருஷமா எதுக்குப் பேரு வாங்குனியோ அதனாலதாண்டா உன்கிட்ட வரல."

இதைக் கேட்டபின் அவனுக்கு இன்னும் எரிந்தது. அவள் திறமைசாலி என்றால்கூட ஆறியிருக்கும். தெரியாத்தனத்துக்குக் கிடைத்த பரிசா அது? அப்படியானால் தன் பதினான்கு வருஷத்தை எந்தத் தொட்டியில் கொண்டுபோய் அலசுவது?

பதினோராம் நாள் டாக்டர் சீட்டோடு வந்தான். முதலாளியம்மாவுக்கு அன்று விருந்தினர் ஆறு பேர். அவளுக்குச் சோடியாக இறங்க நேரமில்லை. எழுதியிருந்ததை அழித்துவிட்டுச் சாக்பீஸை அவளிடம் நீட்டினார். "யார் கூடன்னு நீயே எழுதிக்கோ. வேணாம்னா படகுல இரு."

அவள் சாக்பீஸை உருட்டிக்கொண்டு பலகை முன் நின்றாள். சூட்டுகள் தொங்கும் வரிசைக்குப் பின்னாலிருந்து ஒட்டகம் பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் குரல் கொடுத்தார்: "என்ன தங்கச்சி, காயா பழமா?"

அவள் தன் பெயருக்குப் பக்கத்தில் புருஷன் பெயரை எழுதினாள். அவனுடைய சொந்தப் பெயரை எழுதினாள். யாரும் கூப்பிடாத பெயர் என்பதால் டிரைவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஒரு தடவ பாக்கலாம்" என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமல்.

தண்ணீர் அன்று கொஞ்சம் கலங்கியிருந்தது. பாறையின் தலையில் இருவரும் இரண்டு கை அகலத்தில் ஒண்டினார்கள். நிதானமாக இருக்க வேண்டும் என்று அவன் படகிலேயே சத்தியம் செய்துகொண்டிருந்தான். கையைக் கட்டிக்கொண்டான். எண்ணக் கூடாது என்று சொல்லிக்கொண்டான். சம்பந்தியம்மா கலங்கலுக்குள்ளிருந்து கறுத்து, பிறகு வெளுத்து, வந்தது. அவளிடம்தான் போனது. அவள் தலைக்கு மேல் விரிந்தது.

அவன் எண்ணவில்லை. கையும் அசையவில்லை. மூச்சு மட்டும் பிடிபடவில்லை. நெஞ்சு பொருமிப் பொருமி வாங்கியது, வாங்கியதையெல்லாம் வாரி வெளியே கொட்டியது. கேஜ் முள் கண்ணெதிரே இறங்கியது. தன் தலையைச் சுற்றி இத்தனை குமிழிகளை அவன் பார்த்ததே இல்லை. சிலிண்டரே பிளந்துகொண்டதோ என்று ஒரு நொடி பயந்தான்.

நிழல் நகர்ந்தது. வெளிச்சம் போயிற்று. நிமிர்ந்தான்.

மூன்று புள்ளிகள் அவன் நெற்றிக்கு மேல் நின்றன. செவுள்கள் மெல்லத் திறந்து மூடின. ஓரத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது; பதினான்கு வருஷத்தில் அதை அவன் பார்த்ததில்லை. அவனுடைய குமிழிகள் அந்த வெள்ளை வயிற்றில் உருண்டு உருண்டு போயின. அது இன்னும் தாழ்ந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் மாஸ்க்குக்குள் தண்ணீர் போயிற்று. அவளும் பார்க்கிறாளா என்று திரும்பினான்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கை உயர்ந்திருந்தது. கட்டைவிரல் மேலே நின்றது.

அவன் அவள் கேஜைப் பார்க்கவில்லை. முகத்தையும் ஆராயவில்லை. கால் தானாகக் கிளம்பியது. அடியில் புகுந்து, அதன் சிறகு விளிம்பில் படாமல் நகர்ந்து, அவளிடம் போய், அவள் ஜாக்கெட் வாரைப் பிடித்துக்கொண்டு, சரியா என்று வளையம் காட்டினான். அவள் தலையாட்டினாள். ஏறினார்கள். ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம். கீழே, ஆளில்லாத பாறைமேல் சம்பந்தியம்மா ஒரு வட்டம் அடித்தது, இன்னொரு வட்டம் அடித்தது. அவன் வாரை விடவில்லை. அவளுடைய கேஜ் அவன் முகத்துக்கு நேரே ஆடியது. நூற்று அறுபது. அவனுடையது நூற்றுப் பத்து.

டிரைவர் இரண்டு கேஜையும் பார்த்தார். "யாருடா இப்ப ஒட்டகம்? அது கெடக்கட்டும். என்னாச்சு?"

"காது" என்றாள் அவள்.

"உனக்குமா? வீட்டுல என்ன, பாட்டு சத்தமா வைக்கிறீங்களா?"

ஒட்டகம் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினான். பாதி மூடிக்கு வெளியே சிந்தியது. துண்டைப் பிழிந்து அவள் தோளில் போட்டான். மற்றவர்கள் மேலே வந்து கூச்சல் போட்டபோது, "இவளுக்குக் காது சரியில்ல" என்று அவனே சொன்னான்.

கரைக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுப் படியேறும்போது அவளால் தாங்க முடியவில்லை.

"கேளுங்களேன்."

"எத?"

"ஏன் மேல வந்தேன்னு."

"கட்டைவிரலுக்குக் கேள்வி கிடையாது" என்று பூட்டைத் திறந்தான்.

அலமாரியில் சொட்டு மருந்து கால் பாட்டில் மிச்சம் இருந்தது. பாயை உதறிப் போட்டான். அவள் ஒருக்களித்துப் படுத்தாள். சாயங்கால வெயில் மெஷின் சக்கரத்தில் பட்டுச் சுவரில் வளையமாக விழுந்திருந்தது. கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பக்கத்தில் மண்டியிட்டு மருந்தை உறிஞ்சி எடுத்தான்.

"எந்தக் காது?"

"உங்களுக்கு எது வலிச்சுதோ அது."

சொட்டு நுனியில் பெருத்துக்கொண்டு நின்றது. இடதா, வலதா என்று அவன் நிஜமாகவே யோசித்துப் பார்த்தான்.

"எனக்குக் காது வலிக்கல" என்றான்.

"எனக்கும்தான்."

அவள் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"பழிக்குப் பழி வாங்கணும்னு நெனச்சு நான் எறங்கலங்க. சத்தியமா. உங்க கை எப்படி இருக்குன்னு பாக்கலாம்னுதான் எறங்கினேன். அது என்னைய விட்டுட்டு உங்க தலைக்கு மேல போயி நின்னுச்சு பாருங்க. கை தானாத் தூக்கிருச்சு. தூக்கினப்புறந்தான் தெரிஞ்சுது, அன்னிக்கு உங்களுக்கு எங்க வலிச்சுதுன்னு."

சொட்டு விழுந்தது. காதில் விழவில்லை, கன்னத்தில் விழுந்தது. அவள் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"கீழ விடாம ஒழுங்கா விடுங்க" என்றாள். "நாளைக்கு முதலாளியம்மா சீட்டு கேப்பாங்க. டாக்டர்கிட்ட எந்தக் காதுன்னு இப்பவே பேசி முடிவு பண்ணிக்கலாம்."